பாரிஸில் பல நாட்டுச் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸுக்குப் படிக்க வரும் பிள்ளைகள், ஆபீஸ் வேலையாக நாலு நாள் வந்துபோகிறவர்கள், ஐரோப்பா டூரில் இரண்டு ராத்திரி மட்டும் இங்கே தங்குகிறவர்கள் என்று யார் வந்தாலும், சாப்பாட்டைப் பற்றிக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். தனித்தனியாக வாட்ஸப்பில் பதில் எழுதுவதற்குப் பதிலாக, கேட்டவர்கள் கேட்டபடியே வைத்து இங்கே தொகுத்திருக்கிறேன். விலையெல்லாம் தோராயம்தான். கிளம்பும் முன் கடை திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பாரிஸுக்கு வந்துட்டு எதுக்கு வியட்நாம் சாப்பாடு? பிரெஞ்சுச் சாப்பாடு போதாதா?

பிரெஞ்சுச் சாப்பாட்டையும் சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் வியட்நாம் நூடுல்ஸான போ பூனும் வடக்கு ஆப்பிரிக்க ரவையான கூஸ்கூஸும் பாரிஸ்காரர்களின் சாதாரண மதியச் சாப்பாட்டில் எப்போதோ சேர்ந்துவிட்டன. வியட்நாம், கம்போடியா, லாவோஸ், அல்ஜீரியா, துனிசியா, மொராக்கோ, செனகல், மாலி என்று பிரான்ஸ் ஆண்ட நாடுகளை ஒரு தாளில் எழுதுங்கள். பாரிஸில் எந்தெந்த நாட்டுச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதற்கு அந்தத் தாளே பாதி பதில். மீதிப் பாதியை வேலை தேடியும் போருக்குத் தப்பியும் வந்தவர்கள் எழுதினார்கள். துருக்கியிலிருந்து வந்த குர்துகள், சீனாவின் வென்ஜோ நகரத்தார், ஈழத்தமிழர்.

சரி, எங்கே தொடங்குறது? எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கு.

‘டாப் 10’ பட்டியலை மூடி வையுங்கள். எந்த நாட்டுச் சாப்பாடு வேண்டுமோ, அந்த நாட்டுக்காரர்கள் காய்கறியும் மளிகையும் எங்கே வாங்குகிறார்கள் என்று முதலில் பாருங்கள். நல்ல கடை அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும். வீட்டில் சமைக்கத் தெரிந்தவர்கள் பை நிறைய சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், சுமாரான கடை அதிக நாள் தாங்காது. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தைத்தான்.

ஒரே நாள் என்றால் மெட்ரோ 7ஆம் லைனைப் பிடியுங்கள். பகல் 11 மணி வாக்கில் லூயி பிளான் ஸ்டேஷனில் இறங்கினால் தமிழ்க்கடைகள் நடந்துபோகும் தூரம், அங்கே ஒரு தோசை. மதியம் பிரமித் ஸ்டேஷன், ஜப்பானின் ஊடோன் நூடுல்ஸ். மாலை பிளாஸ் மோன்ஜில் இறங்கி, பெரிய மசூதியின் முற்றத்தில் புதினா டீ. இரவு தொல்பியாக், வியட்நாமின் ஃபோ என்ற நூடுல்ஸ் சூப். நான்கு நாடு, லைன் மாறவே வேண்டாம். மெட்ரோ டிக்கெட் 2025இல் 2.50 யூரோவாக இருந்தது, வெளியே வந்துவிட்டு மறுபடி ஏறினால் புது டிக்கெட். அதனால் நாள் பாஸ் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பாருங்கள்.

13ஆம் வட்டாரத்தை சைனா டவுன்னு சொல்றாங்க. ஆனா போர்டு எல்லாத்திலும் வியட்நாம் சூப்னு இருக்கே?

அந்தப் பேட்டையின் கதை தெரிந்தால் குழப்பம் தீர்ந்துவிடும். 1970களில் பாரிஸின் தெற்கே ஒலிம்பியாத் என்ற பெயரில் அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுந்தன. வசதியான இளம் குடும்பங்கள் குடிவரும் என்று நம்பிக் கட்டினார்கள். எதிர்பார்த்த அளவுக்கு யாரும் வரவில்லை. வீடுகள் காலியாகக் கிடந்த நேரத்தில்தான், 1975இல் சைகோனும் புனோம்பென்னும் வீழ்ந்து, அகதிகள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பலர் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினர், தியோச்சு என்ற சீன மொழி பேசுகிறவர்கள். ஆகவே ஒரே தெருவில் வியட்நாம் ஃபோவும், சீனத்து வாத்து வறுவலும், லாவோஸின் பப்பாளி சாலடும், கம்போடியாவின் புனோம்பென் சூப்பும் கிடைப்பதில் ஆச்சரியமில்லை. ஒரே வீட்டிலேயே இதெல்லாம் சமைத்தவர்கள் அவர்கள்.

போக வேண்டிய தெருக்கள் இரண்டு: அவென்யூ தீவ்ரி, அவென்யூ த ஷுவாசி. லாவோஸிலிருந்து வந்த சகோதரர்கள் 1976இல் தொடங்கிய தாங் ஃப்ரேர் நிறுவனத்தின் பெரிய சூப்பர் மார்க்கெட் அவென்யூ தீவ்ரியில் இருக்கிறது. முதலில் அதற்குள் ஒரு சுற்று சுற்றுங்கள். எந்தக் கீரைக்கட்டு வேகமாகக் காலியாகிறது என்று பார்த்துவிட்டு வெளியே வந்தால், சூப்போடு வரும் தழைத் தட்டில் அதையே பார்ப்பீர்கள்.

ஃபோ கடையில் கிண்ணம் சிறிதா பெரிதா என்றுதான் முதலில் கேட்பார்கள். சிறிதே ஒருவருக்குத் தாராளம். கிண்ணத்தோடு தனித்தட்டில் பயறு முளை, துளசி போன்ற ஒரு தழை, எலுமிச்சைத் துண்டு, மிளகாய் வரும். பச்சையாகச் சீவிய மாட்டிறைச்சி மேலே மிதந்தால் பதறாதீர்கள், குச்சியால் அடியில் அமுக்கினால் கொதிக்கும் சாறிலேயே நிறம் மாறி வெந்துவிடும். சாஸ் பாட்டிலைத் தொடும் முன் சாறை ஒரு கரண்டி வெறுமனே குடித்துப் பாருங்கள். பட்டையும் நட்சத்திர சோம்பும் எலும்பும் பல மணி நேரம் ஒன்றாகக் கிடந்த வாசனை அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த தடவை எதிர்க்கடை.

பெல்வில்லும் சைனா டவுன்தானே? இரண்டில் ஒன்று போனால் போதுமா?

வேறு வேறு. பெல்வில்லின் சீனர்களில் பெரும்பாலோர் நேராகச் சீனாவிலிருந்து வந்தவர்கள், அதிலும் வென்ஜோ பக்கத்தார் அதிகம். கையால் இழுத்த நூடுல்ஸ், ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை வகைகள், சிச்சுவான் மிளகின் மரத்துப்போகும் காரம் என்றால் இங்கே வாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. சீனர்களுக்கு முன்பே இங்கே குடியேறியவர்கள் துனிசியாவின் யூதர்களும் முஸ்லிம்களும். புல்வார் த பெல்வில் என்ற சாலை ஓரமாக நடந்தால் அவர்களுடைய கடைகள் வரும். பிரிக் என்று ஒன்று கேளுங்கள். மெல்லிய மாவுத்தாளில் முட்டையை உடைத்து ஊற்றி, சூரை மீனும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்து எண்ணெயில் போட்டெடுப்பது. மஞ்சள் கரு வேகாமல் இருக்கும், இருக்கவும் வேண்டும். இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நடுவில் கடித்தால் சட்டை தப்பும். செவ்வாய், வெள்ளி காலைகளில் அந்தப் புல்வாரிலேயே சந்தை கூடுகிறது. கடைசி நேரத்தில் போனால் தக்காளியைக் கூவிக் கூவி விலை இறக்குவார்கள்.

ஈஃபில் டவர் பக்கத்துல ஏதாவது நல்ல கடை சொல்லுங்களேன்?

காலடியில் தேடாதீர்கள். சற்றுத் தள்ளி, பக்கத்து 15ஆம் வட்டாரத்தில் ரூ தேசாந்த்ரப்ரனர் பக்கம் ஈரானியக் கடைகள் சில இருக்கின்றன. கொரியச் சாப்பாடும் அந்த வட்டாரத்தில் நன்றாகக் கிடைக்கும். டவரைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நடந்தால் குங்குமப்பூச் சோறும் கபாபும்.

வாசலில் நின்னு பார்த்தே நல்ல கடையா இல்லையான்னு எப்படிச் சொல்றது?

பிரான்ஸில் விலையோடு கூடிய மெனு வெளியே தெரியும்படி வைக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் வாசலிலேயே பாதி விஷயம் படித்துவிடலாம். மெனு சிறியதா என்று பாருங்கள். ஒரே கடையில் சீனம், தாய்லாந்து, ஜப்பான், வியட்நாம் நான்கும் இருந்தால் ஃப்ரீசர்தான் சமைக்கிறது. உள்ளே எட்டிப் பாருங்கள்: அந்த நாட்டு முகங்கள் இருந்தால் நல்லது, அதிலும் தனியாக உட்கார்ந்து அவசரமாகச் சாப்பிட்டுக் கிளம்புகிறவர்கள் இருந்தால் மிக நல்லது. பாட்டியோடு குடும்பமாக வந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

வாசலில் ஒருவர் நின்று “வாங்க, வாங்க” என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டால் நடையைக் கட்டுங்கள். லத்தீன் குவார்ட்டரில் ரூ த லா யூஷெத் தெருவில் இது தினசரிக் காட்சி. கண்ணாடிக்குள் ஷோவுக்கு அடுக்கிய மீனும் கபாப் குச்சிகளும், ஆறு மொழியில் மெனுவும் இருக்கும். கண்ணாடிப் பெட்டியில் சமைத்த ஐட்டங்களை வரிசையாக வைத்து, எடை போட்டு, மைக்ரோவேவில் சூடாக்கித் தரும் ‘ஆசியக் கடை’கள் ஊர் முழுக்க உண்டு. அவசரப் பசிக்கு ஓகே, தேடிப்போக ஒன்றுமில்லை.

கூரை போட்ட வாணலி மாதிரி ஒரு சின்னப் படம் மெனுவில் இருந்தால், அது கடையிலேயே சமைத்தது என்பதற்கான அரசு முத்திரை, 2014இல் வந்தது. சின்னக் கடைகள் பல இதைப் போட்டுக்கொள்ளச் சோம்பல்படுவதால், இல்லாததை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

கூகுளில் 4.8 ஸ்டார் இருக்கு. நம்பலாமா?

2017இல் லண்டனில் ஒரு பத்திரிகையாளர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று சொல்லி ட்ரிப்அட்வைசரில் பதிவு செய்து, நண்பர்களை விட்டுப் பொய் விமர்சனங்கள் எழுதவைத்தார். சாப்பாடே போடாத அந்தக் கொட்டகை லண்டனின் முதலிடத்துக்கு வந்தது. ஸ்டாரின் யோக்கியதை அவ்வளவுதான்.

ஸ்டாரை விட்டுவிட்டு, விமர்சனம் எந்த மொழியில் இருக்கிறது என்று பாருங்கள். சிச்சுவான் கடைக்குச் சீனத்திலும், துருக்கிக் கடைக்குத் துருக்கியிலும் எழுதியவர்கள் இருந்தால் அவர்கள் சொல்வதை மொழிபெயர்த்துப் படியுங்கள். “சர்வீஸ் சுமார், இடம் நெருக்கடி, சாப்பாடு பரவாயில்லை” என்ற மூன்று ஸ்டார் விமர்சனம், “வாவ்” என்ற ஐந்து ஸ்டாரைவிடப் பயனுள்ளது. சுத்தம் பற்றிக் கவலையென்றால் அலிம்கோன்ஃபியான்ஸ் என்ற அரசுத் தளத்தில் கடையின் பெயரைப் போடுங்கள். சுகாதாரச் சோதனை முடிவுகளை 2017 முதல் அதில் வெளியிடுகிறார்கள்.

சுஷி கடை தெருவுக்கு ரெண்டு இருக்கே, எது உண்மையான ஜப்பான் கடை?

மெனுவில் ஏ1, பி3 என்று எண் போட்டு, எல்லாவற்றோடும் ஒரு கிண்ணம் மிசோ சூப்பும் முட்டைக்கோஸ் சாலடும் தந்து, சுஷியோடு சீஸ் சுற்றிய இறைச்சிக் குச்சியும் இருந்தால் அது பாரிஸ் பாணி சுஷிக் கடை. பசிக்கும் பர்ஸுக்கும் ஒத்துவரும், ஜப்பானைத் தேடாதீர்கள்.

ஜப்பான் வேண்டுமென்றால் ஓப்பரா பக்கம் ரூ சாந்த்-ஆன் தெரு. ஜப்பானியக் கம்பெனிகளும் வங்கிகளும் அந்தப் பக்கம் ஆபீஸ் போட்டதால் அவர்கள் ஆட்களுக்காக வளர்ந்த தெரு அது. ராமென், ஊடோன், சோற்றுருண்டை விற்கும் மளிகை, ஜப்பானிய பேக்கரி எல்லாம் சில நூறு அடிகளுக்குள். இப்போது கொரியக் கடைகளும் கலந்துவிட்டன. 12 மணிக்கே போய்விடுங்கள், 12.45க்குக் கியூ தெருமுனை வரை நிற்கும்.

இந்தியச் சாப்பாடுன்னா பசாஜ் பிராடி போங்கன்னு ஹோட்டல்ல சொன்னாங்க. போகலாமா?

பார்க்கப் போகலாம். 1828இல் திறந்த கண்ணாடிக் கூரைச் சந்து, படம் எடுக்க அழகு. சாப்பாடு பிரெஞ்சு நாக்குக்காகக் காரம் குறைத்து, க்ரீம் கூட்டி வருவது. வாசலில் கூப்பிடும் ஆட்களைப் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். ஒன்று மட்டும் சுவாரஸ்யம்: உள்ளே சீஸ் வைத்த நான். பிரெஞ்சுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சாப்பிடும் அதே முக்கோணச் சீஸை உருக்கி உள்ளே வைக்கிறார்கள். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் முகம் சுளித்துக்கொண்டே இன்னொன்று ஆர்டர் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

அப்போ நம்ம சாப்பாட்டுக்கு லா சப்பல்தானா?

ஆமாம். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்த ஈழத்தமிழர் கட்டிய கடைத்தெரு அது. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், ஃபோபூர் சான் தெனி தெருவின் மேல்முனையும், ரூ கய், ரூ பெர்தோனே போன்ற சின்னத் தெருக்களும். முருங்கைக்காய், கறிவேப்பிலை, பனங்கட்டி, நகைக்கடை, சலூன், பயண ஏஜென்சி என எல்லாப் போர்டும் தமிழில். ரூ பஜோலில் உள்ள மாணிக்க விநாயகர் ஆலயம் 1985இல் தொடங்கியது. ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கத்து ஞாயிறு ஒன்றில் தேர் வரும். அன்று ரோட்டில் உடையும் தேங்காய்க்குக் கணக்கே இல்லை.

தோசை, இட்லிக்குச் சென்னை பாணிச் சைவக் கடைகள் இருக்கின்றன: சரவண பவனின் கிளை, ரூ கய்யில் கிருஷ்ண பவன். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இங்கேயும் தோசை மட்டும் தின்றுவிட்டுப் போவது எனக்குப் பொறுக்காது. யாழ்ப்பாணத்துச் சமையல் இவ்வளவு நன்றாகக் கிடைக்கும் இடம் ஐரோப்பாவில் அதிகமில்லை. இடியப்பமும் சொதியும், கணவாய்க் கறி, ஒடியல் கூழ், வறுத்த மிளகாய்த்தூளில் கறுத்த ஆட்டுக்கறி என்று கேட்டுப் பாருங்கள். கூழ் எல்லா நாளும் இருக்காது, “அண்ணை, இண்டைக்குக் கூழ் இருக்கோ?” என்று விசாரித்துக்கொள்ள வேண்டியதுதான். சாயங்காலம் இரும்புத் தட்டில் கொத்து ரொட்டி கொத்தும் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். காரம் குறைக்கச் சொல்ல நினைத்தால் கொத்தத் தொடங்கும் முன் சொல்லிவிடுங்கள்.

ஆப்பிரிக்கச் சாப்பாடு சாப்பிட்டதே இல்லை. நமக்கு ஒத்துவருமா?

சோறு தின்கிறவர்களுக்கு ஒத்துவராமல் எப்படிப் போகும்? செனகலின் செபு ஜென்னில் தொடங்குங்கள். தக்காளி போட்ட மீன் சாறிலேயே நொய்யரிசியை வேகவைத்து, மேலே மீனும் மரவள்ளிக்கிழங்கும் கத்தரிக்காயும் கேரட்டும் முட்டைக்கோஸும் முழுசு முழுசாக அடுக்கித் தருவார்கள். பானை அடியில் பிடித்த சோற்றைச் சுரண்டிக் கொஞ்சம் வைக்கச் சொல்லுங்கள், அதற்கு அங்கேயும் போட்டி உண்டு. 2021இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் ஏறிய உணவு இது. அந்த நொய்யரிசி செனகலுக்குப் போனது இந்தோசீனாவிலிருந்து, பிரெஞ்சுக்காரர் கப்பலில். வியட்நாமில் போரிட்ட செனகல் சிப்பாய்கள் சிலர் அங்கே கல்யாணம் செய்து குடும்பத்தோடு திரும்பியதால் நெம் என்ற வியட்நாம் பொரித்த ரோலும் டாக்கருக்குப் போய்ச் சேர்ந்தது. பாரிஸின் செனகல் கடை மெனுவில் நெம்மைப் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள்.

போக வேண்டிய இடம் மெட்ரோ 4ஆம் லைனில் ஷாத்தோ ரூஜ். ஸ்டேஷன் வாசலிலேயே வேகவைத்த சோளமும் நிலக்கடலையும் விற்பார்கள். பக்கத்தில் ரூ தெஜான் சந்தையில் மரவள்ளி இலை, கருவாடு, நேந்திரம்பழம் மாதிரி வாழை. கடலைச் சாந்தில் கொதித்த மஃபே, எலுமிச்சையும் வெங்காயமும் தூக்கலான யாஸா, ஐவரி கோஸ்டின் பொரித்த வாழைப்பழமான அலோக்கோ ஆகியவை நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். மிளகாய் பெரும்பாலும் தனியாக ஓரத்தில் வரும். சின்னதாக, மஞ்சளாக, அப்பாவிபோல இருக்கும். முழுதாகக் கடித்துவிடாதீர்கள்.

கூஸ்கூஸ்னா ரவை உப்புமாதானே? அதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

அப்படிச் சொல்லிக்கொண்டு போனவர்கள் இரண்டாம் தட்டுக்குச் சாறு கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள். ரவையைக் கையால் உருட்டி ஆவியில் இரண்டு மூன்று முறை வேகவைத்து உதிர்ப்பதில் வேலை இருக்கிறது. மேஜையில் ரவை, காய்கறிச் சாறு, கொண்டைக்கடலை, உலர்திராட்சை, கறி, ஹரிஸ்ஸா மிளகாய்ச் சாந்து எல்லாம் தனித்தனியாக வரும். ஹரிஸ்ஸாவைத் தட்டில் நேரே போடாமல், ஒரு கரண்டிச் சாறில் கரைத்து ரவைமேல் ஊற்றுவது அவர்கள் வழக்கம். ரவையும் சாறும் கேட்டால் பல கடைகளில் மறுபடி தருவார்கள். வெள்ளிக்கிழமைதான் வடக்கு ஆப்பிரிக்க வீடுகளில் கூஸ்கூஸ் நாள், முடிந்தால் அன்று போங்கள்.

முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காக இறந்த முஸ்லிம் சிப்பாய்களின் நினைவாக எழுப்பி 1926இல் திறந்த பெரிய மசூதியை ஒட்டி ஒரு உணவகமும் டீ முற்றமும் உண்டு. சாப்பாட்டைவிட அத்திமரத்தடியில் சின்னக் கண்ணாடிக் குவளையில் குடிக்கும் டீக்காகத்தான் நான் போகச் சொல்வேன். குருவிகள் மேஜைக்கே வந்து இனிப்பைக் கொத்தும்.

நாங்க சுத்த சைவம். லா சப்பலை விட்டா வேற வழி இல்லையா?

தாராளமாக இருக்கிறது, சில பொறிகளைத் தெரிந்துகொண்டால் போதும். வியட்நாம், தாய்லாந்துச் சாப்பாட்டில் மீன் சாஸ் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். ஜப்பான் ஊடோன் சாறு மீன் வற்றலில் செய்தது. ‘காய்கறி கூஸ்கூஸ்’ என்றாலும் சாறு கறியோடு கொதித்ததாக இருக்கலாம். கறி இல்லாமல் என்ற பொருளில் “சான் வியாந்த்” என்று மட்டும் சொன்னால் மீன் போட்டுக் கொண்டுவருவார்கள். “நி வியாந்த், நி புவாசோன்” என்று கறியும் வேண்டாம், மீனும் வேண்டாம் எனச் சேர்த்துச் சொல்லுங்கள்.

நிம்மதியாகச் சாப்பிட எத்தியோப்பியக் கடைகளைச் சொல்வேன். அவர்கள் திருச்சபையில் நோன்பு நாட்கள் மிக அதிகம், அந்நாட்களில் இறைச்சியும் பாலும் முட்டையும் கிடையாது. ‘நோன்புத் தட்டு’ கேட்டால், புளித்த மாவில் சுட்ட பெரிய தோசை போன்ற இஞ்செராமேல் பருப்பு, கீரை, கிழங்கு என்று ஆறேழு கூட்டு வைத்துத் தருவார்கள், கையால் சாப்பிடலாம். லெபனான் கடைகளின் சின்னச் சின்னத் தட்டுகளில் பாதி சைவம். மரே பகுதியில் ரூ தே ரோசியே தெருவின் ஃபலாஃபெல் என்ற கொண்டைக்கடலை வடையும் சைவமே.

ஹலால் கிடைக்குமா? போர்டைப் பார்த்து நம்பலாமா?

ஷாத்தோ ரூஜ், பெல்வில், அதற்கடுத்த குரோன் பக்கமெல்லாம் பெரும்பாலும் ஹலால்தான். சான்றளிக்கும் அமைப்புகள் பல உள்ளன. கறாராகப் பார்க்கிறவர்கள் அவற்றில் ஒன்றான ஏவிஎஸ்ஸின் ஸ்டிக்கரைத் தேடுகிறார்கள். எங்கிருந்து கறி வருகிறது என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஃபோபூர் சான் தெனியின் கீழ்முனையில், ஷாத்தோ தோ மெட்ரோ பக்கம், குர்துக் கடைகளில் கண்ணெதிரே ரொட்டி தேய்த்து, கரியில் சுட்ட கறியைச் சுருட்டித் தரும் துரூம் உண்டு. ஊரில் விற்கும் கபாப் சாண்ட்விச்சோடு அதைச் சேர்க்கவே கூடாது.

ஆளுக்கு எவ்வளவு ஆகும்? தண்ணிக்குக் கூட காசாமே?

ஃபோ, ராமென், செபு ஜென் எல்லாம் 10 முதல் 16 யூரோவுக்குள் பெரும்பாலும் முடியும். ஃபலாஃபெல், துரூம், பான் மி என்ற வியட்நாம் சாண்ட்விச் இன்னும் குறைவு. கறியோடு கூஸ்கூஸ் 15க்கு மேல். மதியம் ‘ஃபார்முல்’, அதாவது செட் சாப்பாடு, என்று பலகையில் எழுதியிருந்தால் இரவைவிட மலிவு.

குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். “யூன் கராஃப் தோ” என்று கேளுங்கள், வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் பாட்டிலைத் திறந்து கொண்டுவந்து பில்லில் போடுவார்கள். சர்வீஸ் கட்டணமும் வரியும் விலையிலேயே அடக்கம். டிப்ஸ் கட்டாயமில்லை, சில்லறை வைத்தால் சந்தோஷப்படுவார்கள். சின்னக் கடைகளில் கார்டுக்கு 10 அல்லது 15 யூரோ குறைந்தபட்சம் இருக்கும், கையில் கொஞ்சம் நோட்டு வைத்திருங்கள்.

எப்போ போனாலும் மூடியிருக்கே?

நீங்கள் நாலு மணிக்குப் போயிருப்பீர்கள். மதியம் 12 முதல் 2.30, இரவு 7 அல்லது 7.30 முதல் 10.30. இடையில் அடுப்பே எரியாது. 13ஆம் வட்டாரத்திலும் லா சப்பலிலும் நிறுத்தாமல் நடத்தும் கடைகள் நிறைய உண்டு, நேரங்கெட்ட நேரத்தில் பசித்தால் அங்கே போங்கள். ரூ தே ரோசியேயின் யூதக் கடைகள் வெள்ளி பிற்பகல் மூடி, சனி முழுக்கத் திறக்காது. ஞாயிறு, திங்கள் பலருக்கு வாரவிடுமுறை. ஆகஸ்டில் பாதி ஊரே கதவில் சீட்டு ஒட்டிவிட்டுக் கிளம்பிவிடும்.

சமைக்கிறவர் அந்த நாட்டுக்காரரா இல்லைன்னா போகக் கூடாதா?

இந்தக் கேள்வியைத் தமிழர்கள் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். பாரிஸின் பிரெஞ்சு உணவகங்களிலும் இத்தாலியக் கடைகளிலும் அடுக்களைக்குள் எட்டிப் பாருங்கள், பாத்திரம் கழுவத் தொடங்கித் தலைமைச் சமையல்காரர் வரை உயர்ந்த நம்மவர்கள் எத்தனை பேர்! 2023இல் பாரிஸின் மிகச் சிறந்த பகெத் ரொட்டிக்கான பரிசை வென்றவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. அந்தப் பரிசோடு ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி கொடுக்கும் உரிமையும் வந்தது.

ஆகவே சமைப்பவரின் பாஸ்போர்ட்டைவிட, யாருக்காகச் சமைக்கிறார் என்பதே பெரிய விஷயம். சாப்பிட வருகிறவர்களுக்கு ருசி தெரியுமென்றால் யாரும் ஏமாற்ற முடியாது. வாசலிலிருந்து எட்டிப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஒரு நாள் மட்டும் நல்லா செலவு பண்ணி, மிஷலின் ஸ்டார் கடைக்குப் போகணும். பல நாட்டுச் சாப்பாட்டில் அப்படி உண்டா?

உண்டு. கெய் கொபயாஷியின் ‘கெய்’ 2020இல் மூன்று ஸ்டார் வாங்கியது, பிரான்ஸில் அந்த உயரத்தைத் தொட்ட முதல் ஜப்பானியர் அவர். தட்டில் வருவது பிரெஞ்சுச் சமையல், பார்வை ஜப்பானுடையது. மோரி சாக்கோவின் ‘மோசுகே’ மேற்கு ஆப்பிரிக்காவையும் ஜப்பானையும் சேர்க்கும் கடை, 2021இல் ஸ்டார். லெபனான் குடும்பத்து அலன் ஜியாம் 2018இல் தன் ஸ்டாரை வாங்கினார். மதிய மெனு இருந்தால் அதைப் பிடியுங்கள், வாரக்கணக்கில் முன்பே புக் செய்ய வேண்டியிருக்கும்.

நான் இருக்கிறது பெர்லின். இதெல்லாம் எனக்கு உதவுமா?

தெருப்பெயர் மாறும், தேடும் வழி அதேதான். பெர்லினில் 1961 ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த துருக்கித் தொழிலாளர்கள் ஒரு பக்கம். செவ்வாய், வெள்ளிகளில் மைபாக்ஊஃபர் சந்தைக்குப் போய் அங்கிருந்து நடங்கள். கிழக்கு ஜெர்மனி வேலைக்கு அழைத்துவந்த வியட்நாமியர் இன்னொரு பக்கம். லிஷ்டன்பெர்க்கின் டோங் சுவான் மொத்தவியாபாரக் கூடங்களுக்குள் நகப்பாலிஷ் பெட்டிகளுக்கும் பிளாஸ்டிக் பூக்களுக்கும் நடுவே அவர்களுடைய சூப்புக் கடைகள் இருக்கின்றன. லிஸ்பனில் கேப் வெர்டே, மொசாம்பிக், கோவா.

பிரஸ்ஸல்ஸ் என்றால் கொங்கோ. போர்த் த நமூர் மெட்ரோவில் இறங்கினால் மத்தோங்கே பேட்டை. பனைப்பழச் சாந்தில் வெந்த கோழியும், சக்கா-சக்கா என்ற மரவள்ளிக் கீரையும் கேளுங்கள். மதியம் தாண்டிப் போனால் கீரை தீர்ந்திருக்கலாம்.